படத்தின் ஓரத்தில் ஒரு கை

2024 ஜூன் 6, வியாழன்

காலை ஆறு மணித் திருப்பலி. திரும்பும் வழியில் அச்சகத்துக்குப் போய் இவருடைய முதலாம் ஆண்டு நினைவு அட்டைக்கு மாதிரி கொடுத்தேன். ஜூலை 19-க்குள் இருநூறு அட்டை வேண்டும். முன்பக்கம் ஓய்வூதியப் புத்தகத்துக்காக எடுத்த படம், பின்பக்கம் செபம். படத்தின் கீழே, "இன்னாசி பர்னாந்து. அடக்கமும் அமைதியும் அணிகலனாய் வாழ்ந்தவர்."

அச்சகக்காரர் சூசை படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "யம்மா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி ஒரு படம் இல்லியா? இதுல சாரு ரேஷன் கடை வரிசைல நிக்க மாதிரி இருக்காவ."

இல்லை என்றேன். இருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா?

பதினோரு வயதில், கான்வென்ட் விடுதியில் தொடங்கிய பழக்கம் இந்த நாட்குறிப்பு. சனிக்கிழமைதோறும் மதர் ஜெனவீவ் எங்கள் நோட்டுகளை வாங்கி வாசித்து, சிவப்பு மையில் கோடு போடுவார். அறுபத்து நான்கு வருடம் ஆகியும், யாரோ வாசிக்கப் போகிறார்கள் என்றே எழுதுகிறேன். அதனால் ஒரு நன்மை, வரி கோணாது.

முருங்கைக்காய் முற்றல். கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து மரியபுஷ்பம் வந்தாள். பக்கத்து வீடு; எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தின் தலைவி. இங்கே குடிவந்து பத்து வருடம்தான் ஆகிறது. அவள் அறிந்த இவர், வழுக்கையும் கைத்தடியுமாக வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர்.

"யக்கா, இதப் பாருங்க. நேத்துலேருந்து எல்லா குரூப்புலயும் இதான் ஓடுது. சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு."

ஏதோ பழைய கல்யாண வீடியோ. ஒன்பது விநாடி. நிறமெல்லாம் கரைந்து வழிகிறது. பேண்டு வாசிக்கிறார்கள். முழுக்கை வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நாற்காலி வரிசைக்கு முன்னால் தனியாக ஆடுகிறார். இடது பக்கம், படத்தில் தெரியாத யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். கையை நீட்டி, விரலை இரண்டு முறை மடக்கி, வா என்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறார். வலது ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை வந்து அவர் சட்டையைப் பிடிக்கிறது. அவர் முகம் ஒரு கணம் மலர்கிறது. உடனே அந்தக் கை இழுக்கிறது, அவர் படத்தைவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான்.

"எந்தப் புண்ணியவதி பெத்த புள்ளையோ, பாவம்" என்றாள் மரியபுஷ்பம். "அந்தக் கையப் பாத்தியளா? பிரம்பு மட்டுந்தான் இல்ல. வாட்ச உள்ளுக்கத் திருப்பில்லா கெட்டியிருக்கா! இவகிட்ட மாட்டுன மனுசன் என்ன பாடு பட்டானோ."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். படம் தெளிவாக இல்லை என்றேன். அவளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் இரண்டாவது காப்பியைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

கைக்கடிகாரத்தின் வார் தேய்ந்துவிட்டது. கொஞ்ச நாள் கட்டப் போவதில்லை.

ஜூன் 13, வியாழன். புனித அந்தோனியார் திருநாள்

செலின் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிற மகள் வியாழக்கிழமை பேசினால் மனம் திக்கென்கிறது.

"ம்மா, அந்த வீடியோ பாத்தீங்களா? அது நம்ம அப்பா!"

என் தங்கை டெல்பினின் கல்யாணக் கேசட் அது. அவள் மகள் ஜோவிட்டா, போன மாதம் பெற்றோரின் திருமண நாளுக்காக மதுரையில் ஒரு கடையில் கொடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த இடம் கண்ணில் பட, வெட்டி எடுத்து, "எங்க பெரியப்பா, 1992" என்று எழுதித் தன் பக்கத்தில் போட்டிருக்கிறாள். அவள் சிநேகிதிகள் நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் யாரோ ஒருவர் பெரியப்பாவை நீக்கிவிட்டு, வருடத்தை மட்டும் வைத்து வேறிடத்தில் போட்டாராம். அதன்பிறகுதான் ஊரெல்லாம் ஓடியிருக்கிறது. முதல் கையில் உறவு இருந்தது, இரண்டாவது கைக்கு வருவதற்குள் உறவு போய்விட்டது.

"அப்பா ஆடுவாங்களாம்மா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"அந்த ஒரு நாள்தான்."

"அப்படி அவங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல." பிறகு கேட்டாள். "இழுக்கிறது யாரும்மா?"

"கல்யாணக் கூட்டத்தில் எத்தனையோ கை."

பொய் சொல்லவில்லை. எத்தனையோ கை இருந்தன. செலினுக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மை வார்த்திருந்ததால் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தோம்.

கோவிலில் கொடுத்த அந்தோனியார் ரொட்டியைத் தின்ன முடியவில்லை. எறும்பு வராமல் மூடி வைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

கேட்காமலே செய்தி வாசிக்கிறாள் மரியபுஷ்பம். இப்போது அந்த மனிதர் மேல் "ஞாயிற்றுக்கிழமை" என்றும், கை மேல் "திங்கட்கிழமை" என்றும் எழுதுகிறார்களாம். ஆடுகிறவர் "கோடை விடுமுறை", கை "முழுப்பரீட்சை முடிவு". ஆடுகிறவர் "பிரியாணி", கை "டாக்டர்". திருச்சியில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரமாகவே போட்டுவிட்டதாம்.

அது ஒரு வகை. இன்னொரு வகையில் பேண்டுச் சத்தத்தை எடுத்துவிட்டு, மெதுவான வயலின் இசையைச் சேர்த்து, முகம் மலரும் இடத்தில் படத்தை நிறுத்தியிருக்கிறார்கள். "அந்தக் காலத்து மனிதர்கள்" என்று கீழே எழுத்து. அதைப் பார்த்து அழுகிறார்களாம். 1992-இல் பிறந்தே இராதவர்கள் 1992-க்காக ஏங்கி எழுதுகிறார்கள். அந்த வருடம் இந்தத் தெருவில் தண்ணீர் லாரிக்காக எட்டுக் குடத்தோடு நின்றவள் நான். அதற்கு யாரும் வயலின் வாசிக்கக் காணோம்.

மாலையில் பங்கு மண்டபத்தைக் கடந்தபோது இளையோர் ஆண்டுவிழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் ஆட, இன்னொருத்தி சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். கடிகாரத்தைக்கூட உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தாள். அதில் கேலிக்கு ஒன்றுமில்லை. நான் வேலை பார்த்த தொலைபேசி நிலையத்தில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் கட்டுவோம். இரண்டு கையும் இணைப்புப் போர்டில் இருக்கும்போது நேரம் தெரிய வேண்டாமா? இருபத்தாறு வருடம் மேற்பார்வை செய்தேன். ஒரு அழைப்பைக்கூடத் தவறான இடத்துக்கு இணைத்ததில்லை.

ஜூன் 24, திங்கள்

வெயில். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 28, வெள்ளி

யாரோ ஒருவர் கதை கட்டியிருக்கிறார். எங்கிருக்கிறார், யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த மனிதர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், யாரை வா என்கிறார் என்பதுதான் கேள்வி. பதிலையும் அவரே எழுதியிருக்கிறார். இடது பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவருடைய பழைய காதலி. பதினெட்டு வருடம் கழித்து அந்தக் கல்யாணத்தில்தான் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். வலது பக்கத்திலிருந்து வந்த கை மனைவியுடையது. காதலிக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார். எட்டு லட்சம் பேர் வாசித்துவிட்டார்கள்.

செலின் பேசினாள். குரல் சரியில்லை.

"ம்மா, ஒண்ணு கேப்பேன், கோபப்படக் கூடாது. அப்பாவுக்கு வேற யாராவது இருந்தாங்களா?"

"உன் அப்பா அப்படிப்பட்டவரல்ல."

"அப்போ யாரைக் கூப்பிடுறாங்க?"

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"இருந்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லம்மா. ஒருத்தரையாவது பாத்து அப்படிச் சிரிச்சிருக்காங்களே. நம்ம வீட்ல அவங்க சத்தமே கேட்டதில்ல. நான் பாட்டுக்கு அதுதான் அப்பான்னு நினைச்சுட்டேன்."

வைத்துவிட்டாள்.

செத்துப்போன மனிதர்மேல் யாரோ ஒரு பெண்ணைக் கட்டி வைத்துவிட்டார்கள். பெற்ற மகள் அதை நம்புகிறாள். நம்புவது மட்டுமல்ல, அப்படி இருந்திருக்கலாமே என்று ஆசைப்படுகிறாள்.

அரிசி களைந்து வைத்தேன். உலை வைக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

ஜோவிட்டாவை அழைத்து, முழு வீடியோவும் பார்க்க வேண்டும் என்றேன். பயந்துவிட்டாள்.

"பெரியம்மா, ஸாரி பெரியம்மா. இவ்ளோ தூரம் போகும்னு சத்தியமா தெரியாது. எடுத்துடலாம்னு பாத்தா, இப்ப அது என்கிட்ட இல்ல, எல்லார்கிட்டயும் இருக்கு."

நான் திட்டவில்லை என்றதும் குரல் கொஞ்சம் தேறியது.

"அந்தக் கை யாருன்னு அம்மாகிட்ட கேட்டேன். ஞாபகமில்லைன்னாங்க. ஆனா எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க."

டெல்பினுக்கு நல்ல ஞாபகசக்தி. அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஜோவிட்டாவை வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

ஜூலை 5, வெள்ளி

பதினோரு மணிக்கு ஜோவிட்டா வந்தாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தாள்.

"மூணு மணி நேரம் இருக்கு பெரியம்மா. அந்த இடத்துக்கு ஓட்டிடவா?"

"வேண்டாம். வரிசையாகப் போகட்டும்."

ரோஜாப்பூக்கள் மேலிருந்து விழுந்தன. டெல்பின் முகமும் மாப்பிள்ளை முகமும் ஓர் ஆப்பிளுக்குள் சுற்றின. ஜோவிட்டா சிரித்தாள். பந்தியில் வீடியோ விளக்கு கண்ணில் அடித்ததும் மென்றுகொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதில் பாதிப் பேர் இன்று இல்லை.

பிறகு வரவேற்பு. இரண்டாவது வரிசையின் இடது ஓரத்தில் சந்தன நிறப் பட்டில் நான். நாற்பத்து மூன்று வயது. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். இவர் வருகிறார். என் முன்னால் லேசாகக் குனிந்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டுகிறார். நான் சேலை மடிப்பைச் சரிசெய்கிறேன். பிறகு நேராக மேடையைப் பார்க்கிறேன். கை அப்படியே நீண்டிருக்கிறது. எவ்வளவு நேரம்! பிறகு அந்தக் கையைத் தன் முகத்தருகே கொண்டுபோய், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்துவிட்டு, சிரித்தபடியே பின்னால் நடந்துபோய் ஆடத் தொடங்குகிறார்.

"பெரியம்மா" என்றாள் ஜோவிட்டா. "அவங்க கூப்பிட்டது உங்களையா?"

அதற்குள் அந்த ஒன்பது விநாடி வந்துவிட்டது. சிரிப்பு, விரல், மூடிய கண். கை.

"கூப்பிட்டது என்னை. இழுத்ததும் நான்தான்."

"ரெண்டுமே நீங்களா? ஆனா கை இந்தப் பக்கமில்ல வருது?"

முதல் வரிசையில் மதர் ஜெனவீவ் உட்கார்ந்திருந்தார். மதருக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது, அது எங்களுக்குக் கற்பித்த ஒழுங்கு. அதனால் வீடியோக்காரருக்குப் பின்னால் வேகமாகச் சுற்றி மறுபக்கம் வந்தேன். மதர் பார்க்க என் கணவர் இடுப்பை அசைத்து ஆடுவதா? அந்த ஒன்றைத் தவிர அப்போது என் மனதில் வேறெதுவும் இல்லை. இதை ஜோவிட்டாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சட்டையைத் தொட்டதும் இவர் முகம் மலர்கிறதே, அதைத்தான் உலகமே நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறது. நான் ஆட வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

வெட்டிய துண்டு அத்தோடு முடிந்துவிடுகிறது. கேசட் முடியவில்லை. காமிரா மெல்லத் திரும்பி முதல் வரிசைக்கு வருகிறது. மதர் ஜெனவீவ் கைதட்டிக்கொண்டிருக்கிறார். தாளத்துக்குச் சரியாக. அங்கியின் கீழே கறுப்புக் காலணியும் தட்டுகிறது. வாய் நிறையச் சிரிப்பு. ஒன்பது வருட விடுதி வாழ்க்கையில் நான் பார்த்திராத சிரிப்பு. பிறகு கைதட்டுவதை நிறுத்திவிட்டு, ஆடிய மனிதர் எங்கே என்று இங்கும் அங்கும் தேடுகிறார்.

"யாரு பெரியம்மா இந்த சிஸ்டர்? செம ஜாலியா இருக்காங்க!"

"என் மதர்" என்றேன்.

ஜோவிட்டா மூன்று மணிப் பேருந்துக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "நான் உண்மையை எழுதிப் போடட்டுமா? அந்தக் கதையாவது நிக்கும்" என்றாள். முதலில் செலினுக்கு, பிறகு ஊருக்கு என்று சொல்லி அனுப்பினேன்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று கல்யாணத்திலிருந்து காரில் திரும்பும்போது இவர் சொன்னார், "ஹில்டா, உங்க மதர் கைதட்டினாங்க." நான் சொன்னேன், "பொய் சொல்லாதீங்க. மதரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"சரி" என்றார்.

அதன்பிறகு முப்பத்தோரு வருடம் எல்லாவற்றுக்கும் அந்தச் சரிதான். அடக்கமும் அமைதியும் என்று நான் அச்சுக்குக் கொடுத்தது அதைத்தான்.

"அந்த ஒரு நாள்தான்" என்று செலினிடம் சொன்னதும் பொய். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, வானொலியைப் போட்டுவிட்டு, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடம் முழுக்க ஆடுவார். நான் ஜன்னலைச் சாத்துவேன்.

ஜூலை 6, சனி

செலினிடம் சொல்வதற்காக அழைத்தேன். கோவையில் மழையா என்று கேட்டேன். அரிசி விலை கேட்டேன். வைத்துவிட்டேன்.

மதர் இருந்தால் இன்று நோட்டை வாங்கியிருப்பார். நேற்றைய பக்கத்தில் எந்த வரியின் கீழே கோடு போடுவார் என்று எனக்குத் தெரியவில்லை. இதுவரை தெரியாமல் இருந்ததில்லை.

ஜூலை 9, செவ்வாய்

மறுபடியும் அழைத்தேன். அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

ஜூலை 11, வியாழன்

ஜோவிட்டா அனுப்பிய படத்தோடு அச்சகத்துக்குப் போனேன். முகம் மலர்கிற அந்தக் கணம். சூசைக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"யம்மா! இது நம்ம சாரா? எம் பேரப்புள்ளைய இத வச்சுத்தான தெனமும் சிரிச்சுக்கிட்டு கெடக்குதுவ!" நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கிடுங்க."

"படத்தின் கீழே இருந்த வரியை எடுத்துவிடுங்கள். பெயரும் வருடமும் போதும்."

கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினார். சுட்டுவிரலால் திரையில் காட்டினார்.

"ஓரத்துல இந்தக் கை ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கி. வெட்டிருவமா? வெட்டுனா சாரு நல்லா நடுவுல வருவாவ."

"வெட்ட வேண்டாம்."

"பாக்கறவங்க ஒருமாதிரி..."

"அது அவருடைய மனைவியின் கை. இருக்கட்டும்."

சூசை திரையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்க்காமல் இருப்பதற்காக அச்சு இயந்திரத்தைப் பார்த்தார்.

வரும் வழியில் கடிகாரத்துக்குப் புது வார் போட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

நினைவுத் திருப்பலி. நேற்று மாலையே செலின் வந்துவிட்டாள். அட்டையைக் கையில் வாங்கியவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பின்பக்கச் செபத்தை வாசித்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

கோவில் வாசலில் நானே நின்று அட்டை கொடுத்தேன். மரியபுஷ்பம் வாங்கினாள். அட்டையைப் பார்த்தாள். கொடுத்த கையின் மணிக்கட்டைப் பார்த்தாள். உள்பக்கம் திரும்பியிருந்த கடிகாரத்தில் மணி ஏழு பத்து.

"யக்கா" என்றாள். "நான் என்னென்னமோ பேசிட்டனே."

"சரியாகத்தான் பேசினாய்" என்றேன்.

செலின் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். எனக்கு முன்னால் வேகமாக நடந்து வீட்டுக்குப் போனாள். சாப்பிடும்போது என் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"நீங்கதானே?"

"நான்தான்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அறைக் கதவு சாத்திக்கொண்டது. கை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கூப்பிட்டது யாரை என்று அவள் கேட்கவில்லை. அதற்கான பதில் அந்தக் கதையில் இருப்பதாக நினைக்கிறாள். கதவுக்கு வெளியே நின்றேன். அவர் கூப்பிட்டது என்னைத்தான் என்று என் வாயால் சொன்னால், இந்த நேரத்தில் அது பெருமை பேசுவதுபோல் இருக்கும். நான் பெருமைக்காரி என்பது அவளுக்குத் தெரியும்.

ஜூலை 20, சனி

செலின் நாளைக் காலை ரயிலுக்குத்தான் போகிறாள். இப்போது கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்தேன். இந்த நோட்டை ஜூலை 5-ஆம் பக்கம் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க மேலே கடிகாரத்தைக் கழற்றி வைக்கப் போகிறேன். பக்கத்தில் சிவப்புப் பேனா.

பிறகு நான் சந்தைக்குப் போகிறேன். திரும்பிவர ஒரு மணி நேரமாகும். ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.